ஜெனரல் தூங்குகிறார்

இந்தக் குளிர்காலம் கரண்டி ஏரி மீன்பிடிப் போட்டியில் கோப்பையைத் தூக்கப்போவது நான்தான் என்று சபதம் போட்டிருந்தேன். ஏரி உறைந்து கல்லாகிவிட்டது. ஊர் ஆண்களெல்லாம் அதன்மேல் மரக் கொட்டகைகளை இழுத்துப்போய் நிறுத்தியாயிற்று. உள்ளே சின்ன அடுப்பு, ஐஸில் குடைந்த ஓட்டை, அதில் ஒரு தூண்டில், கையில் காப்பி. மனைவியின் குரல் எட்டாத தூரம். சொர்க்கம் மினசோட்டாவில் ஒரு கிளை திறந்தால் இப்படித்தான் இருக்கும்.

நடுவில் வந்து சேர்ந்தார் ஜெனரல்.

ஜெனரல் எங்கள் வீட்டு முயல். சாம்பல் நிறம், தொங்கு காது. என் மனைவி ஆர்டிஸ் இலையுதிர்காலத்தில் விலங்குக் காப்பகத்திலிருந்து கூட்டிவந்தாள். பெயர் வைத்ததும் அவள்தான். பெயருக்கும் ஆளுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. டோஸ்டரில் ரொட்டி எகிறினால் ஜெனரல் பின்வாங்குவார். தெருவில் பனி அள்ளும் வண்டி போனால் சோபாவுக்கு அடியில் தலைமறைவு. நான் தும்மினால் பின்னங்காலால் தரையில் 'தம்' என்று ஓர் உதை. பயம் வந்தால் முயல் அப்படித்தான் எச்சரிக்கை விடுமாம். "திடுக்கிட வெச்சிடாதீங்க, நெஞ்சே நின்னுடும்" என்று மருத்துவர் வேறு சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சண்டைகூடக் கிசுகிசுப்பில்தான்.

போட்டிக்கு முந்தின நாள் ஆர்டிஸ் கிசுகிசுத்தாள்.

"ஓர்வில், நாளைக்கு யாராவது ஒருத்தர் நம்ம முயல் பிள்ளைகூட இருக்கணும்."

"நீ இரு."

"ஏன், எனக்குத் தூண்டில் போடத் தெரியாதா? கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பாகூட எத்தனை மீன் பிடிச்சிருக்கேன்!"

"அது அந்தக் காலம். இப்போ மீனெல்லாம் உஷாராயிடுச்சு."

"உன்னைப் பார்த்தே உஷாராயிடுச்சோ? போன வருஷம் நீ என்னத்தைப் பிடிச்சே?"

"ஜலதோஷம்" என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன்.

"ஆர்டிஸ், வீட்ல இருக்க எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனா பிள்ளைக்குத்தான் என்னைக் கண்டாலே ஆகலையே! நான் ஏரிக்குப் போறதே அவன் உயிரைக் காப்பாத்தத்தான்."

சொன்னதோடு விடவில்லை. பனிக்கால பூட்ஸை மாட்டிக்கொண்டு கூடத்துக்குள் நடந்து காட்டினேன்.

தம்!

"பார்த்தியா?"

ஆர்டிஸ் கன்னத்தில் கை வைத்து யோசித்தாள். "சரி, பந்தயம். காலையில நீ கூடத்துத் தரையில படு. அசையக் கூடாது. அவன் காலால தரையை உதைச்சா நீ ஏரிக்குப் போ. தானா வந்து உன்மேல ஏறிட்டா நான் போறேன்."

"என்மேலயா? அவனா? வாக்கு மாற மாட்டியே?"

"மாற மாட்டேன்."

ஐயோ பாவம் ஆர்டிஸ் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். சீட்டி அடித்துக்கொண்டே தூண்டில், ஐஸ் குடையும் கருவி, பூட்ஸ் எல்லாவற்றையும் வாசலில் அடுக்கினேன். என் ராசியான சட்டை மட்டும் கிடைக்கவில்லை. சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டை. துவைத்தால் ராசி கரைந்துவிடும் என்பது எங்கள் ஏரியில் எல்லாருக்கும் தெரியும். வாங்கிய நாளிலிருந்து அதைத் தண்ணீரில் நனைக்க விட்டதில்லை.

"ஆர்டிஸ், என் சட்டை எங்கே?"

"எங்க போயிடப் போகுது? மோப்பம் பிடிச்சுப் பாரு."

மறுநாள் காலை வெறுங்காலோடு தரையில் மல்லாந்தேன். வெளியே பனி சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்து வீட்டையே பால் நிறமாக்கியது. கண்ணை மூடிக்கொண்டு 'தம்' சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

சத்தம் வரவில்லை. காதருகே ஒரு குட்டி மூச்சு வந்தது. பிறகு விலாவில் மெத்துமெத்தென்று ஒரு கால். இன்னொரு கால். ஜெனரல் என் நெஞ்சில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி, காதுகளைச் சரித்துப்போட்டுப் படுத்துவிட்டார். பற்களை மெல்ல நறநறத்தார். சந்தோஷம் வந்தால் முயல் அப்படிச் செய்யுமாம். அவருடைய சூடு எனக்குள் இறங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், சுகமாக இருந்தது. கோபப்படவேண்டும் என்று ஞாபகம் இருந்தது, கோபம்தான் வரவில்லை.

என்னை ஏரிக்கு அழைத்துப்போக வந்த பக்கத்து வீட்டு வென்டல் கதவைத் திறந்தான்.

"என்னடா ஓர்வில், விழுந்துட்டியா?"

"உஷ்! ஜெனரல் தூங்குறார்."

வென்டல் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். அவனைத் தாண்டி என் பூட்ஸ் நடந்துபோனது. அதற்குள் ஆர்டிஸ் இருந்தாள். அவள் தோளில் என் தூண்டில்.

"அடுப்புல கறியும் உருளைக்கிழங்கும் போட்ட ஹாட்டிஷ் இருக்கு. அவன் எழுந்தா நீயும் சாப்பிடு" என்று கிசுகிசுத்துவிட்டு வென்டலின் வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

அதன்பின் நான் தூங்கினேனா விழித்திருந்தேனா, எனக்கே தெரியாது. ஏரி எங்கள் கூடத்துக்குள் வந்திருந்தது. ஐஸுக்கு அடியில் மீன்கள் சாம்பல் காதுகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நீந்தின. ஒன்றாவது என் தூண்டிலைத் தொடவேண்டுமே! நெஞ்சில் அமர்ந்த கனத்தை மட்டும் குறைசொல்லத் தோன்றவில்லை.

கண் திறந்தபோது அந்திநேரம். மூக்கெல்லாம் சிவந்து ஆர்டிஸ் நின்றாள். ஒரு கையில் அவள் முழங்கை நீளத்துக்கு ஒரு வால்ஐ மீன். மறுகையில் கோப்பை. என் கோப்பை!

"எப்படி ஆர்டிஸ்?" என்றேன். "நேத்துகூட என்னைப் பார்த்து உதைச்சானே?"

அவள் மீனை வைத்துவிட்டு, ஜெனரலின் பெட்டிக்குள் கைவிட்டு, வைக்கோலுக்கு அடியிலிருந்து சிவப்புக் கட்டம் போட்ட ஒன்றை உருவினாள்.

"வந்த நாள்லேர்ந்து அவன் இதுமேலதான் தூங்குறான். நிக்கிற ஓர்வில்னாத்தான் அவனுக்குப் பயம். படுத்த ஓர்வில் அவனோட மெத்தை. நல்லவேளை, நீ துவைக்க விடலை."

"அடிப்பாவி, அது ராசியான சட்டை!"

"அதான் ஜெயிச்சேனே" என்றாள்.

கூரை பறக்கக் கத்தவேண்டும் போலிருந்தது. நெஞ்சின்மேல் ஜெனரல் ஒரு காதை லேசாக அசைத்தார்.

"வாழ்த்துகள்" என்று கிசுகிசுத்தேன்.