திருப்பிக் கொடுக்கப் போன ஓவன்

சட்டம் பேசும் ஆண்களுக்கு வீட்டில் மதிப்புக் குறைவு. இது எனக்கு ஒஸ்லோவின் ஹவுகெட்டோ பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. அதுவரை என்னை ஒரு வக்கீல் என்றே நினைத்திருந்தேன். (படித்தது வெல்டிங்.)

அங்கே இருக்கும் தாவீத் என்னோடு களஞ்சியத்தில் வேலை செய்பவர். யூதர். தங்கள் சமயச் சட்டங்களைக் கரைத்துக் குடித்தவர். அவரிடம் ஒரு பழைய மேசை ஓவன் வாங்கினேன். எந்தப் பக்கம் திருகினாலும் இளஞ்சூடுதான். மகளின் பிறந்தநாள் கேக் மாவாகவே போய் மாவாகவே வந்தது. "இவர் சாமான் வாங்கினால் இப்பிடித்தான்" என்று என் மனைவி ரஞ்சி விருந்தாளிகள் முன்னால் சொல்லிவிட்டாள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. அதைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் நான் மனுசனில்லை என்று சபதம் போட்டேன்.

வழி இருந்தது. வாங்கிய பொருளில் மறைந்திருந்த குறை வருடங்கள் கழித்துத் தெரிந்தாலும் திருப்பிக் கொடுக்கலாம் என்பது யூதச் சட்டம். தாவீத்தே ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் சொன்னது. அவருடைய சட்டத்தாலேயே அவரை மடக்கினால் எப்படியிருக்கும்! ரஞ்சி வேலைக்குப் போன நேரம் பார்த்து ஓவனைப் போர்வையில் சுற்றி, நாங்கள் இருக்கும் அம்மருட்டிலிருந்து ரயில் மாறி மாறி மடியில் வைத்துக் கொண்டுபோனேன். பக்கத்திலிருந்த பெண் விடாமல் தும்மினாள். பாவம், தடிமன் என்று நினைத்தேன்.

தாவீத் வீட்டில் நின்றபடியே என் வாதத்தை நோர்வேஜிய மொழியில் முழங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நியாயம்தான். எங்கள் ஓய்வுநாளான சனிக்கிழமை சமைக்கக் கூடாது; வெள்ளிக்கிழமை சமைத்ததை அதுவரை சூடாக வைத்திருக்கத்தான் நாங்கள் இதைப் பாவித்தோம். அதற்கு மேல் சூடேறாது என்பது எங்களுக்கே தெரியாது. ஒரு கேள்வி மட்டும். குறை தெரிந்த பிறகு இதைப் பாவித்தீர்களா? பாவித்திருந்தால் குறையோடு ஏற்றுக்கொண்டதாகிவிடும், திருப்ப முடியாது."

"ஒருக்காலும் இல்லை!" என்று ஓவன் கதவைத் திறந்து காட்டினேன்.

உள்ளே தட்டு நிறைய மோர்மிளகாய்.

தாவீத் தும்மினார். நானும் தும்மினேன். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. வேலை முடிந்து வீடு திரும்பியிருந்த ரஞ்சி.

"எங்கையப்பா என்ரை ஓவன்?"

"திருப்பிக் குடுக்க வந்தனான்."

"உங்களுக்கென்ன விசரே? மிளகாய் காயப்போட்டிருக்கிறன்!"

என் முகத்தைப் பார்த்துத் தாவீத்துக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். சட்டப்படி தேவையில்லை, ஆனாலும் நண்பருக்காக எடுத்துக்கொள்கிறேன் என்றார். அப்பாடா என்று அதை ரஞ்சிக்குச் சொன்னேன்.

"ஐயோ, வேண்டாமெண்டு சொல்லுங்கோ! இந்த ஒஸ்லோவிலை வெயில் எறிக்கிற ஒரே இடம் அதுக்குள்ளைதான்!"

ஓவனைத் திரும்பவும் சுமந்துகொண்டு, மானத்தை ஹவுகெட்டோவில் விட்டுவிட்டு வந்தேன்.

இப்போது யார் வீட்டுக்கு வந்தாலும் இந்தக் கதைதான். எங்கள் திருமணநாளுக்குத் தாவீத்தும் வந்திருந்தார். "இந்த மனுசனோடை எப்பிடித்தான் காலந்தள்ளுறாய்?" என்று யாரோ ரஞ்சியைக் கேட்டார்கள்.

"என்ன செய்ய? குறை முதல் கிழமையே தெரிஞ்சிட்டுது. அதுக்குப் பிறகும் பாவிச்சிட்டன். இனித் திருப்பிக் குடுக்கேலாது."

வீடே சிரித்தது. என்னவென்று தாவீத் கேட்டார். நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "சட்டப்படி உங்கள் மனைவி சொல்வது சரி" என்றார்.