ஒரு கடுகுகூட விமானம் ஏறக்கூடாது

"ஒரு கடுகு! ஒரே ஒரு கடுகு இந்தப் பெட்டிக்குள்ள இருந்தாலும் நான் விமானம் ஏற மாட்டேன்!"

கூடத்தில் நின்று கத்தினேன். கேட்க வேண்டியவள் சமையலறையில் இருந்தாள். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்ததால் முதலிலிருந்து மறுபடி கத்த வேண்டியதாயிற்று. இந்த வீட்டில் கோபப்படுவதற்குக்கூட நான் இரண்டு தடவை உழைக்க வேண்டும்.

மிக்ஸி நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"கடுகு!"

"மூணாவது டப்பாவுல இருக்கு. எதுக்கு?"

எனக்கு ரத்தம் கொதித்தது. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் மகளுக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாளாகிறது. ஒரு மாதம் தங்கிவரப் புறப்படுகிறோம். ஆளுக்கொரு பெட்டி. என் மனைவியோ நாலு நாளாக வறுக்கிறாள், இடிக்கிறாள், அரைக்கிறாள். மிளகாய்த்தூள், மிளகுத்தூள், எலுமிச்சை ஊறுகாய், வறுத்த பயறு என்று சாப்பாட்டு மேஜைமேல் எட்டுப் பொட்டலம். பேத்தியைப் பார்க்கப் போகிறவர்கள் மாதிரியா இருக்கிறது? வெள்ளம் வந்த ஊருக்கு நிவாரணம் ஏற்றிப் போகிறவர்கள் மாதிரி இருந்தது.

கையிலிருந்த காகிதக் கட்டை மேஜையில் அடித்தேன்.

"இது அந்த நாட்டு விதிமுறை. சாப்பாட்டுச் சாமான் கொண்டுபோகக் கூடாது. மறைச்சா தண்டனை!"

"மறைச்சாத்தானே?"

"என்னது?"

"மறைச்சாத்தானே தண்டனை. மறைக்காம சொல்லிட்டா?"

"சொன்னாலும் கூடாது!"

"அது எந்தப் பக்கத்துல இருக்கு?"

கையைத் துடைத்துக்கொண்டு வந்து காகிதங்களைப் புரட்டினாள். ஏதோ ஜவுளிக்கடையில் புடவை மடிப்பு எண்ணுகிற மாதிரி நிதானமாகப் புரட்டினாள். அந்த நிதானத்தைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆறுக்கு அப்புறம் எட்டு வருது. ஏழு எங்கே?"

"பிரிண்டர்ல மை தீர்ந்துபோச்சு."

"ஏழாம் பக்கத்துக்கு மட்டும் தீர்ந்து, எட்டாம் பக்கத்துக்குத் திரும்பி வந்துடுச்சா?"

"மைகிட்ட போய்க் கேளு!"

ஏழாம் பக்கம் என் சட்டைப்பையில் நாலாக மடிந்து கிடந்தது. உணவுப்பொருள் கொண்டுவருகிறவர் படிவத்தில் 'ஆம்' என்று குறித்துவிட்டு, பெட்டியைத் திறந்து அதிகாரியிடம் காட்டினால் போதும். ஆகாததை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார் என்று அதில் எழுதியிருந்தது. அந்தத் திறந்து காட்டுகிற வேலைதான் எனக்கு ஆகாது. ஏன் என்று உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

எனக்குச் சர்க்கரை. மூன்று வருடமாக என் காபியில் இனிப்பு இல்லை, என் வாழ்க்கையிலும் இல்லை. இதில் ஒரு மாதம் மகள் வீடு. மகள் அம்மாவைவிடக் கெடுபிடி. கடைக்கு நழுவலாம் என்றால் அந்த ஊரில் எனக்கு வழி தெரியாது. யாரிடமாவது வழி கேட்டு நின்றால், அவர் மகளுக்குப் போன் போட்டு என்னைப் பத்திரமாக வீட்டில் சேர்த்துவிடுவார். ஒரு மனிதன் என்னதான் செய்வான்? தேங்காய் மிட்டாய் இருபத்துநாலு துண்டு வாங்கினேன். தினமும் நடக்கச் சொல்லி டாக்டர் வாங்கவைத்த ஷூ ஒரு ஜோடி புத்தம் புதிதாக இருந்தது. ஷூவுக்குப் பன்னிரண்டு என்று காகிதத்தில் சுற்றித் திணித்தேன்.

மிட்டாயைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் 'ஆம்' என்று எழுதினால் பெட்டி திறக்கும். பெட்டி திறந்தால் ஷூ திறக்கும். பக்கத்திலேயே மனைவி நிற்பாள். 'இல்லை' என்று எழுதிவிட்டால் நேராக வெளியே நடந்துவிடலாம். அதற்குத்தான் இத்தனை கூச்சலும்.

நான் முப்பத்தோரு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகன். டிக்கெட் இல்லாதவனை அவன் முழிக்கிற முழியிலேயே பிடித்துவிடுவேன். பிடித்துத்தான் பழக்கம், பிடிபட்டுப் பழக்கமில்லை.

மறுநாள் மேஜை காலி.

"பொட்டலமெல்லாம் எங்கே?"

"மாடி வீட்டுக்குக் கொடுத்துட்டேன். நீங்கதான் கூடாதுன்னுட்டீங்களே."

அவ்வளவுதான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. நானோ ராத்திரியெல்லாம் கண்விழித்து எட்டுப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். எட்டும் வீண். அதற்கும் கோபம் வந்தது.

புறப்படும் முன் என் பெட்டியை எடை மிஷினில் தூக்கி வைத்தேன். நாலு பேன்ட், ஆறு சட்டை, ஒரு ஜோடி ஷூ. இருபத்திரண்டு கிலோ காட்டியது. "போன வருஷம் வாங்கினது, அதுக்குள்ள பொய் சொல்லுது!" என்று மிஷினை ஓர் உதை விட்டேன். கால் கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம்.

விமானத்தில் படிவம் கொடுத்தார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒன்று. உணவுப்பொருள் உண்டா? 'இல்லை' என்ற கட்டத்தில் அழுத்தமாக டிக் அடித்தேன். "கொடுங்க, தொலைச்சுடுவீங்க" என்று அவள் வாங்கி வைத்துக்கொண்டாள். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இறங்கி, பெட்டிகளை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றோம். சுங்க மேஜைக்குப் பின்னால் ஓர் அதிகாரி அம்மாள். மனைவி நீட்டிய படிவத்தைப் படித்துவிட்டு அவர் தம் மொழியில் ஏதோ கேட்டார். ரயில் வேலையில் நான் நாலு மொழியில் சண்டைபோடப் பழகியிருக்கிறேன். அதில் அதுவும் ஒன்று.

"சாப்பாட்டுச் சாமான் இருக்குன்னு எழுதியிருக்கீங்க. காட்டுங்க."

"இல்லைன்னு எழுதியிருக்கேன்."

"ஆம்னு இருக்கே?"

"இல்லைங்கிறேன்! படிக்கத் தெரியாதா உங்களுக்கு?"

"ஐயா, இருபது வருஷமா இங்க நிக்கிறேன். இருக்கிறதை இல்லைன்னு சொல்றவங்களைத் தினம் பார்க்கிறேன். இருக்குன்னு எழுதிக் கொடுத்துட்டு இல்லைன்னு சண்டை போடுறவரை இப்பத்தான் பார்க்கிறேன்."

மனைவி பக்கம் திரும்பினேன்.

"நீங்க தப்பா டிக் அடிச்சிருந்தீங்க," என்றாள். "தூங்கினீங்களேன்னு எழுப்பாம, வேற படிவம் வாங்கி நானே எழுதிட்டேன்."

"தப்பாவா? என் பெட்டியில என்னடி இருக்கு?"

"எட்டுப் பொட்டலம்."

"மாடி வீட்டுக்குக் கொடுத்தேன்னு சொன்னே!"

"கொடுத்தேன். நீங்க குளிக்கப் போனதும் திருப்பி வாங்கிட்டேன்."

என் கூச்சல் கூரையை முட்டியது. நான் கட்டிய பெட்டி, நான் போட்ட பூட்டு, என் சாவி என்று கத்தினேன். அவள் கைப்பையிலிருந்து இன்னொரு சாவியை எடுத்தாள். பின்னால் நின்றவர்கள் வாட்சைப் பார்த்து முணுமுணுத்தார்கள். சட்டைகளுக்கு அடியில் எட்டுப் பொட்டலமும், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய சீட்டோடு, சமர்த்தாகப் படுத்திருந்தன. கூடவே ஒரு பட்டியலையும் அவள் நீட்டினாள். அந்த ஊர் மொழியில் மகள் டைப் அடித்து அனுப்பியதாம்.

அதிகாரி ஒன்று முதல் எட்டு வரை படித்து, முகர்ந்து, டிக் அடித்தார். எட்டும் தேறிவிட்டன. எனக்குப் போன உயிர் வந்தது. அவசரமாகப் பெட்டியை மூடப் போனேன்.

"இருங்க. ஒன்பதாவது ஒண்ணு இருக்கு."

அவர் வரிசை முழுவதற்கும் கேட்கும்படி நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"'தேங்காய் மிட்டாய், இருபத்துநாலு துண்டு. என் கணவரின் ஷூவுக்குள், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு. இது எனக்குத் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.'"

நான் அப்போது முழித்த முழியைப் பார்த்திருந்தால் நானே எனக்கு அபராதம் போட்டிருப்பேன்.

"எப்படிடி தெரியும்?"

"நடக்கிற ஷூவை நீங்களா எடுத்து வெச்சீங்க பாருங்க, அப்பவே."

"வீட்டுலயே கேட்டிருக்கலாமே!"

"வீட்டுல கேட்டா இல்லைன்னு சாதிப்பீங்க. இங்க சாதிக்க முடியாதே."

அதிகாரி ஷூவிலிருந்து மிட்டாயை எடுத்து, ஒரு துண்டைப் பிரித்துப் பார்த்தார். "சமைச்ச இனிப்புதான். தாராளமா கொண்டுபோகலாம்."

துள்ளிக் குதித்தேன். "கேட்டியா? சட்டமே விட்டுடுச்சு!"

"அவங்க சட்டம் விட்டுடுச்சு," என்றாள் மனைவி. மிட்டாயை வாங்கிக்கொண்டு வரிசைப் பக்கம் திரும்பினாள். "பாவம், இவர் போட்ட சண்டையில உங்களுக்கெல்லாம் நேரமாயிடுச்சு. எடுத்துக்கோங்க."

பாஷை புரியாவிட்டால் என்ன, மிட்டாய் புரியாதா? ஒருவர் விடாமல் கை நீட்டினார்கள். என்னைத் திட்டியவர்கள் அவளுக்கு வணக்கம் சொன்னார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினேன். இருபத்து மூன்று போயிற்று. ஒன்று பாக்கி. மூன்று வருடத்து ஏக்கம், முப்பத்தோரு வருடத்து மானம் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு துண்டு. வாயைத் திறக்காமல் வலது கையை மட்டும் நீட்டினேன்.

அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, நீட்டிய என் கையில் இருபத்திரண்டு கிலோ பெட்டியின் கைப்பிடியை வைத்தாள்.