அயல்பணியில் ஒரு கால்விரல்

மனிதனுக்குக் கைக்கு ஐந்து விரல், காலுக்கு ஐந்து விரல் என்பதில் எந்த ஆளுங்கட்சிக்கும் எந்த எதிர்க்கட்சிக்கும் இதுவரை கருத்து வேறுபாடு இருந்ததில்லை. அந்த ஒற்றுமையைக் குலைத்த பெருமை என் வீட்டுக்காரரையே சேரும். அவர் பஸ் டிரைவர். கெட்ட பழக்கம் என்று எதுவும் கிடையாது. ஆனால் வண்டியில் ஏதாவது சத்தம் கேட்டால் மெக்கானிக் வருகிற வரை பொறுக்க மாட்டார், தானே கையை விட்டுப் பார்ப்பார். அப்படித்தான் ஒருநாள் பணிமனையில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். பெல்ட் தளரவில்லை. வலது கைக் கட்டைவிரல்தான் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். என் நாத்தனார் உடனே, "பிளாஸ்டிக்லயா விரல் வெப்பாங்க? வெந்நீர் பட்டா உருகிடாதா?" என்று கேட்டாள். நான் முறைத்த முறைப்பில் அவளே பாதி உருகிவிட்டாள்.

டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விரல் நசுங்கிப் போச்சு. அதையே திரும்ப ஒட்ட வெக்க முடியாது. கால் கட்டைவிரலை எடுத்துக் கையில வெச்சுடலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப காலுக்கு?"

"கால் சமாளிச்சுக்கும்மா. கட்டைவிரல் இல்லாத கை சமாளிக்காது. ஸ்டியரிங் பிடிக்காது, பித்தான் போடாது, ஒரு டம்ளரைக்கூடத் தூக்காது. பிரேக் மிதிக்கற காலைத் தொட மாட்டேன், இடது கால்லேருந்து எடுத்துக்கறேன்."

காலையில் உள்ளே போனவர் பொழுது சாய்ந்துதான் வெளியே வந்தார். எலும்பை எலும்போடு இணைத்து, தசைநாணைத் தசைநாணோடு கோத்து, ரத்தக்குழாயையும் நரம்பையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைத்தார்களாம். எனக்கு ஊசியில் நூல் கோக்கவே மூன்று பேர் உதவி வேண்டும். அந்த டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அதற்கப்புறம் விரலுக்கு ராஜ உபசாரம்தான். அறையைச் சூடாக வைத்தார்கள். நர்ஸ் வந்து வந்து நிறம் பார்த்தாள். வெளுத்தால் ரத்தம் வரவில்லை என்று அர்த்தம், நீலம் பாய்ந்தால் வந்த ரத்தம் திரும்பப் போகவில்லை என்று அர்த்தம். ரத்தக்குழாய் சுருங்கிவிடும் என்று காபிக்கும் தடை போட்டார்கள். என்னை விட்டுப் பிரிந்து இரு என்றால் என் வீட்டுக்காரர் ஒருவேளை தாங்கிக்கொள்வார், காபியை விட்டுப் பிரிந்ததில்தான் மனுஷன் துரும்பாக இளைத்துவிட்டார்.

நரம்பு முளைத்து வர மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். தினமும் பட்டாணியைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போடும் பயிற்சி. விரல் பிடித்ததே தவிர அதற்கு உணர்வு இல்லை. ஒருநாள் துணி துவைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். கையைப் பிடித்தவர், "ஏம்மா, உன் கை இப்படி ஜில்லுன்னு இருக்கு?" என்றார். புது விரலால் பிடித்திருந்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவரும் அழுதார். நாத்தனார் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து அழுதாள்.

இனி வண்டி ஓட்டலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நானும் அவரும் பணிமனை அலுவலகத்துக்குப் போனோம். டிரைவர்களின் உடல் தகுதியைப் பார்க்கும் அதிகாரி அங்கே இருந்தார். சட்டைப்பையில் நான்கு நிறத்தில் பேனா. அவர் என் வீட்டுக்காரரின் கையைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

"விரல் அஞ்சு இருக்கு. ரொம்ப நல்லது. ஆமா, இது ஏன் இவ்வளவு குண்டா இருக்கு?"

"அது கால் கட்டைவிரல் சார்" என்றார் இவர்.

பொய் சொல்லத் தெரியாத மனுஷனைக் கட்டிக்கொண்டு நான் படுகிற பாடு இருக்கிறதே! தேனீ கொட்டி வீங்கிவிட்டது என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம்.

அதிகாரி நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "கால் விரலா? அப்ப கையில நாலு விரல்தான் இருக்குன்னு சொல்லுங்க."

"அஞ்சு இருக்கே சார், இப்பதானே எண்ணினீங்க?"

"எண்ணிக்கை வேற, வகைப்பாடு வேற. இதை நான் ஒருத்தனா முடிவு பண்ண முடியாது."

அதன்படி, பொதுமக்களின் பாதுகாப்பையும் நிர்வாக நலனையும் முன்னிட்டு, விரல் வகைப்பாட்டு உயர்மட்டக் குழு அமைக்கப்பட்டது. தகுதி அதிகாரி தலைவர். தணிக்கையிலிருந்து ஒருவர், சீருடைப் பிரிவிலிருந்து ஒருவர். குழு கூடுவதற்கே ஒரு வருஷம் ஆனது. மேசை மேல் கையை வைக்கச் சொல்லி மூவரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"ஆட்டுங்க பாப்போம்" என்றார் சீருடைக்காரர். இவர் ஆட்டினார்.

"கை மாதிரி ஆட்டறாரு" என்றார் தணிக்கைக்காரர்.

"ஆனா நகம் கால் மாதிரி இருக்கே!"

மூவரும் மூச்சு விடாமல் யோசித்தார்கள். கடைசியில் தலைவருக்கு முகம் மலர்ந்தது. "அட, இது ரொம்ப சுலபம்! நானே மீன்வளத் துறையிலேருந்து அயல்பணியில இங்க வந்தவன்தான். இங்க உக்காந்து வேலை பாக்கறேன், ஆனா என் தாய்த்துறை மீன்வளம். எனக்குப் பொருந்தற விதி எல்லாம் அந்தத் துறை விதி. அதே மாதிரி இந்த விரல் கால்லேருந்து கைக்கு அயல்பணியில வந்திருக்கு. வேலை பாக்கறது கையில. தாய்த்துறை கால்."

மற்ற இருவரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். இவ்வளவு அறிவுள்ளவரைப் பறிகொடுத்துவிட்டு மீன்கள் என்ன செய்கின்றனவோ என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

"அப்படின்னா காலுக்கு உள்ள விதிதான் இதுக்கும்" என்று சீருடைக்காரர் உற்சாகமாகிவிட்டார். "பணி நேரத்துல ஓட்டுநரின் கால்விரல்கள் அனைத்தும் ஷூவுக்குள் இருத்தல் வேண்டும். அனைத்தும்!"

செருப்புத் தைப்பவரிடம் போனோம். அளவெடுத்தவர் எதுவும் கேட்கவில்லை, இவர் முகத்தை மட்டும் ஒருமுறை பரிதாபமாகப் பார்த்தார். கறுப்புத் தோலில், சின்னதாகக் கயிறு வைத்து, அழகாகவே தைத்துக் கொடுத்தார். அதைக் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு ஓட்டுநர் சோதனைக்குப் போனார் இவர். முதல் வளைவிலேயே ஸ்டியரிங் வழுக்கி வண்டி நடைபாதையில் ஏறியது. சோதனை செய்தவர் தகுதியில்லை என்று எழுதிவிட்டார். ஷூவைக் கழற்றினால் நன்றாக ஓட்டுவார், ஆனால் அது விதிமீறல். மாட்டினால் விதிப்படி சரி, ஆனால் ஓட்ட முடியாது.

இதற்கிடையில் இன்னொரு கூத்து. இவர் விரலில் ஷூ மாட்டிக்கொண்டு பணிமனைக்கு நடையாக நடந்ததைப் பார்த்த இளவட்ட டிரைவர்கள், அது ஏதோ புது ஸ்டைல் என்று நினைத்துவிட்டார்கள். ஆளுக்கொன்று மாட்டிக்கொண்டார்கள். அப்புறம் கடைகளில் வந்தது. ஜிப் வைத்தது, ஜரிகை வைத்தது, கல்யாணப் பெண்ணுக்கு வெள்ளையில் முத்துப் பதித்தது. நாத்தனாரும் ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டு டம்ளர் டம்ளராகக் கீழே போட்டாள். "கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு அண்ணி, ஆனா பாக்க நல்லா இருக்கில்ல?" என்றாள். கையிலேயே பிறந்து கையிலேயே பணியாற்றும் விரல்களுக்கு ஷூ அணியும் உரிமை கிடையாது என்று குழு உடனடியாகச் சுற்றறிக்கை விட்டது. விற்பனை இரண்டு மடங்கானது.

இப்படியே காலம் ஓடியது. ஒருநாள் ஓலை வந்தது. அயல்பணியின் அதிகபட்சக் காலம் மூன்றாண்டு. அது முடிவடைவதால் மேற்படி விரலை நல்ல நிலையில் அதன் தாய்த்துறையான இடது காலிடம் ஒப்படைக்க ஆவன செய்யவும்.

டாக்டரம்மாவுக்கும் ஒரு பிரதி போயிருந்தது. போனில் அவர் கத்தியது அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். "தைச்சதைப் பிரிச்சுக் குடுக்க நான் என்ன ஜாக்கெட்டா தைச்சேன்? ரத்தம் ஓடற விரல் அது! யாராவது அதைத் தொட்டீங்க, நடக்கறதே வேற!"

என் வீட்டுக்காரர் கத்தவில்லை. சோபாவின் மூலையில் உட்கார்ந்து கையைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டிருந்தார். எதற்கும் அசராத மனுஷன் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவரையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். குழு கூடியிருந்தது, மூவரும் வடை தின்றுகொண்டிருந்தார்கள்.

"சார், ஒரு சந்தேகம்" என்றேன். "நீங்க மீன்வளத்துலேருந்து இங்க வந்து எத்தனை வருஷமாச்சு?"

"பதினோரு வருஷம்" என்றார் பெருமையாக.

"மூணு வருஷத்துல திரும்பிப் போகணும்னு விதி இருக்காமே?"

வடை பாதி வழியில் நின்றது.

தணிக்கைக்காரர் பக்கம் திரும்பினேன். "உங்க தாய்த்துறை எது சார்?"

"வனத்துறை" என்றார் மெதுவாக. சீருடைக்காரரை நான் கேட்கவே இல்லை, அவராகவே "சிறைத்துறைம்மா" என்று சொல்லிவிட்டார்.

"அப்ப சரி. நாங்க விரலைத் திருப்பி அனுப்பறோம். நீங்களும் கூடவே கிளம்புங்க. விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே? இதையே நேரா மேலிடத்துக்குப் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."

"அம்மா, அம்மா, உக்காருங்க!" என்று தலைவர் எழுந்து தன் நாற்காலியையே எனக்குப் போட்டார். "எதுக்கு இவ்வளவு கோபம்? அயல்பணியில வந்தவங்களை நிரந்தரமா உள்ளீர்த்துக்கலாம்னு ஒரு ஏற்பாடு இருக்கு. மனிதாபிமான அடிப்படையில..."

கால் மணி நேரத்தில் ஆணை தயார். மேற்படி கால்விரல் கையில் நிரந்தரமாக உள்ளீர்க்கப்படுகிறது. இன்று முதல் அது எல்லாச் சலுகைகளுடனும் கூடிய கைவிரல். இடது காலில் ஏற்பட்டுள்ள காலிப்பணியிடம் நிரப்பப்படும் வரை அடுத்த விரல் கூடுதல் பொறுப்பு வகிக்கும். அதற்கெனத் தனி ஊதியம் கோர இயலாது. இவர் ஷூவைக் கழற்றி மேசை மேல் வைத்தார். வேர்த்துப்போயிருந்த விரலை ஒருமுறை ஊதிவிட்டுக்கொண்டார்.

"எனக்கு எப்ப சார் வண்டி குடுப்பீங்க?"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் மேலிடத்துக்குப் போகாமல் இருக்க வேண்டும் என்ற கவலை அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. "வண்டியா? இவ்வளவு அனுபவம் உள்ளவரை வெயில்ல காயவிடலாமா? குழுவுல ஒரு இடம் இருக்கு. ஃபேனுக்கு நேர் கீழ நாற்காலி. சம்பளமும் கொஞ்சம் கூட."

"வேண்டாம் சார். எனக்கு ஸ்டியரிங் போதும்" என்றார் இவர்.

நான் அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். "பேசாம இருங்க. நாளைக்கே வந்து உக்காருவாரு சார்" என்றேன்.

உட்கார்ந்தார். முதல் வாரம் அறைக்குள் மூச்சு முட்டுகிறது என்றார். இரண்டாவது வாரம் ஃபேன் சத்தம் போடுகிறது என்றார். மூன்றாவது வாரம் நாற்காலிக்கு மெத்தை கேட்டு வாங்கினார். டாக்டரம்மா ஒருநாள் போன் செய்து, "எப்படிம்மா இருக்கு விரல்? பிடி நல்லா இருக்கா? வண்டியைத் திருப்பறப்ப வலி ஏதாவது?" என்று ஆசையாக விசாரித்தார். வண்டி இல்லை, கையெழுத்துதான் போடுகிறது என்று சொன்னேன். "கையெழுத்தா?" என்று கேட்டார். அப்புறம் போனை வைத்துவிட்டார்.

போன வாரம் அலுவலகத்திலிருந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் யோசனையில் உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டேன்.

"ஒரு கண்டக்டரம்மா வந்தாங்க. பஸ் கதவுல மாட்டி ஒரு காது போயிடுச்சாம். விலாவிலேருந்து குருத்தெலும்பை எடுத்து, காது மாதிரியே செதுக்கி, தோலுக்குள்ள வெச்சுத் தைச்சிருக்காங்க. நம்ம டாக்டரம்மாதான்."

"அடடா, நல்லா இருக்கா?"

"அச்சு அசல் காதுதான். கண்ணாடியும் மாட்டியிருந்தாங்க. 'அண்ணே, நீங்களே பட்டவரு, கொஞ்சம் பாத்துச் செய்யுங்க, வீட்டுல என் ஒரு சம்பளம்தான்'னு அழுதாங்க." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பாவமாத்தான் இருக்கு. ஆனா விலா எலும்புன்னா பணி நேரத்துல சட்டைக்குள்ள இருக்கணுமே? வெளியில தெரியற மாதிரி வரலாமா? மத்தவங்க இன்னிக்கே சரின்னு முடிச்சுடலாங்கறாங்க. நீ என்ன சொல்ற?"

எனக்கும் அந்தப் பெண்ணை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த வழக்கு முடிந்தால் குழுவுக்கு வேறு வழக்கு கிடையாது. குழு கலைந்தால் இவர் திரும்பவும் வெயிலில் வேக வேண்டும்.

அவருக்குக் காபியை ஆற்றிக் கொடுத்தேன். "எதுக்குங்க அவசரம்?" என்றேன். "இதெல்லாம் நிதானமா ஆராய வேண்டிய விஷயம். ஒரு மூணு வருஷம் எடுத்துக்கோங்க."