செங்கோடன் லேப்டாப் பார்த்த கதை

செங்கோடன் அந்த லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு, அடிப்பக்கத்தில் விரல் முட்டியால் மூன்று தட்டுத் தட்டினார். பிறகு குனிந்து காதை வைத்துக் கேட்டார்.

"தகடு மெல்லிசா இருக்குதுங்களே" என்றார்.

"அது பிளாஸ்டிக்குங்க சார்" என்றான் விற்பனையாள் யோகேஷ்.

"அதைத்தாங்க நானும் சொல்றேன்."

பக்கத்தில் நின்ற மகள் தமிழினி பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். சேலம் ஐந்து ரோடு பக்கத்தில் இருந்த அந்தக் கடைக்கு அப்பாவை அழைத்து வந்து அரைமணி நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அவர் நான்கு லேப்டாப்புகளைத் தட்டியாகிவிட்டது.

செங்கோடன் நாமக்கல்லில் பழைய லாரி புரோக்கர். இருபத்தாறு வருடத் தொழில். எந்த லாரியையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அது எங்கே குப்புற விழுந்தது, எத்தனை முறை பெயின்ட் அடித்தார்கள் என்று சொல்லிவிடுவார். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. அதனால் வீட்டுக்குள் வரும் பொருள் எதுவானாலும் அவர்தான் பார்த்து எடுக்க வேண்டும்.

தொழிலில் அவருக்கு இரண்டு சட்டங்கள். ஒன்று, பிடித்த வண்டியைப் பிடித்திருக்கிறது என்று முகத்தில் காட்டக் கூடாது, காட்டினால் விலை ஏறிவிடும். இரண்டு, பக்கத்தில் நிற்பவன் ஒரு வண்டியைப் புகழ்ந்தால் அதைத் தொடவே கூடாது, புகழ்கிறவனுக்கு அதில் கமிஷன் இருக்கும்.

இரண்டாவது சட்டத்திலிருந்து அவர் வீட்டாரையும் விட்டுவைக்கவில்லை. மனைவி சாரதாமணி ஒரு வாஷிங் மெஷினை வாயாரப் புகழ்ந்த பாவத்துக்கு, வேறொன்றை எடுத்து வந்தார். அது சுற்ற ஆரம்பித்தால் குளியலறையில் கிளம்பிச் சமையலறை வாசல்வரை வந்துவிடும். சாரதாமணி வாரத்துக்கு மூன்று நாள் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

லேப்டாப் விஷயத்தில் தமிழினி அந்த ஆபத்துக்கு இடம் தரத் தயாராக இல்லை. கல்லூரியில் கடைசி வருடம். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் லாரி ஏற்றும் ஒரு கேமை ஒன்றரை வருடமாகத் தனி ஆளாகச் செய்துகொண்டிருந்தாள். அவளிடம் இருந்த பழைய லேப்டாப்பில் அந்த லாரி மூன்றாவது வளைவிலேயே உறைந்து நின்றுவிடும். மாதக் கடைசியில் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று வந்து அதைப் பார்க்கப் போகிறது. அதற்குள் கேமிங் லேப்டாப் கைக்கு வராவிட்டால், ஒன்றரை வருட உழைப்பும் மூன்றாவது வளைவோடு முடிந்தது.

"அறுபத்தஞ்சாயிரம். அதுக்கு மேல ஒத்தப் பைசா இல்ல. நாந்தான் பாத்து எடுப்பேன்" என்று அப்பா சொல்லிவிட்டார்.

எனவே தமிழினி போன வாரமே தனியாக இந்தக் கடைக்கு வந்து, தேடித் துருவி ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தாள். தனி கிராபிக்ஸ் கார்டு உண்டு, விலை அறுபத்து நாலாயிரத்து ஐந்நூறு. கடையில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். டியூஷன் எடுத்துச் சேர்த்த இரண்டாயிரத்தை முன்பணமாகக் கட்டி அதைப் பிடித்து வைத்தாள். யோகேஷிடமும் சொல்லி வைத்தாள்.

"நான் எதைப் புகழ்றேனோ அதையெல்லாம் எங்கப்பா வேண்டாம்பாருங்க. கடைசீல இதை எடுத்து வைங்க. நான் மூஞ்சியைச் சுளிச்சுக்கறேன். உடனே எடுத்துருவாரு."

அப்பாவின் சட்டத்தை அப்பா மீதே ஓட்டுவதற்கு ஒரு தைரியம் வேண்டும். அது தன்னிடம் இருப்பதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

செங்கோடன் வெள்ளி நிறத்தில் ஒல்லியாக இருந்த ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். விலை நாற்பத்தைந்தாயிரம். கிராபிக்ஸ் கார்டு கிடையாது.

"இது எப்படி?"

"அருமையா இருக்குதுங்கப்பா" என்றாள் தமிழினி. "பாத்ததுமே புடிச்சுப் போச்சு."

அவர் புருவத்தை உயர்த்தினார். லேப்டாப்பை மெல்லக் கீழே வைத்தார். "அக்கட்டால ஓரமா வைங்க" என்றார் யோகேஷிடம். தமிழினிக்கு ஜிவ்வென்று இருந்தது. இவ்வளவுதானா அப்பா.

அடுத்து யோகேஷ் ஒரு கறுப்புப் பெரியதை எடுத்து வைத்தான். விலை ஒரு லட்சத்து இருபதாயிரம்.

"இதுதாங்கப்பா லேப்டாப்புன்னா. இதை அடிச்சுக்க ஆளே இல்லீங்க" என்றாள்.

செங்கோடன் அதைக் கீழே வைக்கவில்லை. முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"தவணை உண்டுங்களா?"

அப்பாவுக்குக் கடன் ஏறிவிடுமே என்று தமிழினி பதறினாள். "வேண்டாங்கப்பா, கலரு நல்லால்ல" என்று அவசரமாகச் சொன்னாள். சொன்ன பிறகுதான் செய்த தவறு உறைத்தது. அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"கறுப்புக்கு என்ன சாமி கொறை?"

"இதோட சார்ஜரைப் பாருங்கப்பா. செங்கல்லு மாதிரி இருக்குது."

அவர் சார்ஜரைக் கையில் எடுத்து எடை பார்த்தார். "கனம் இருக்குதல்ல? அப்ப பொருள் இருக்குதுன்னு அர்த்தம். தம்பி, ரெண்டு வருசத் தவணைன்னா மாசம் எவ்வளவு வருமுங்க?"

யோகேஷ் கால்குலேட்டரைத் தட்டத் தொடங்கினான். அவன் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. இவனுக்கு நம் கஷ்டம் விளையாட்டாக இருக்கிறது என்று தமிழினிக்கு எரிச்சல் வந்தது. மேற்கொண்டு பொறுக்க முடியாமல் கண்ணைக் காட்டினாள். அவன் கால்குலேட்டரை வைத்துவிட்டு, உள்ளே போய் அந்தக் குறிப்பிட்ட லேப்டாப்பைக் கொண்டுவந்தான்.

முகத்தைச் சுளிக்க வேண்டும் என்று வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தாள். ஆனால் மூடியைத் திறந்து அந்தத் திரை ஒளிர்ந்ததும், பாழாய்ப் போன முகம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

செங்கோடன் லேப்டாப்பைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார்.

"இதை மூடி வைங்க தம்பி" என்றார். "எனக்குப் புடிக்கல. முன்னாடி பாத்தமே, வெள்ளிக் கலருல ஒண்ணு, அதுக்கே பில்லைப் போட்டுருங்க."

"அப்பா, அது எதுக்குங்கப்பா?"

"நீதான சாமி பாத்ததுமே புடிச்சுப் போச்சுன்ன? புள்ள ஆசைப்பட்டதை வாங்கிக் குடுக்காம நான் சம்பாதிச்சு என்னத்துக்கு?"

அவர் குரல் தழுதழுத்தது. பாசத்தில் உருகும் அப்பாவை என்ன சொல்லித் தடுப்பது? யோகேஷ் அட்டைப் பெட்டியைத் தேடிக் குனிந்துவிட்டான். அவன் தோள் ஏனோ குலுங்கிக்கொண்டிருந்தது. தமிழினிக்கு அழுகையே வந்துவிட்டது. கொல்லிமலை கண்ணெதிரே சரிந்துகொண்டிருந்தது.

அப்போது ஒன்று தோன்றியது.

"ஏனுங்கப்பா, லோடு ஏத்திப் பாக்காம எடுக்கறீங்களே?"

செங்கோடன் நிமிர்ந்தார். "லோடா?"

"காலி வண்டியை ஓட்டிப் பாத்து யாராச்சும் வாங்குவாங்களா? மேட்டுல ஏறுதான்னு பாக்க வேண்டாமுங்களா?"

எந்த லாரி புரோக்கரும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. தமிழினி பையிலிருந்து பென்டிரைவை எடுத்தாள். வெள்ளி லேப்டாப்பில் அவளுடைய கேமை ஏற்றினார்கள். லாரி அடிவாரத்தில் கிளம்பியது. இரண்டாவது வளைவில் திணறியது. மூன்றாவதில் உறைந்து நின்றது.

"இஞ்சின் போயிருச்சு" என்றார் செங்கோடன்.

அதே கேமை அவள் விரும்பிய லேப்டாப்பில் ஏற்றினார்கள். "நான் ஓட்டறேன்" என்று அவரே விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

லாரி ஏறியது. ஐந்தாவது வளைவு, பத்தாவது வளைவு. செங்கோடன் ஒவ்வொரு திருப்பத்திலும் தானும் சாய்ந்தார். எதிரே பேருந்து வந்தபோது வழக்கமான வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு மகளைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். இருபதாவது வளைவில் பிரேக்கை அழுத்தியதும் புஸ்ஸென்று காற்று விடும் சத்தம் கேட்டது. அவர் கை அப்படியே நின்றது.

"இந்தச் சத்தம் எங்க புடிச்ச?"

"நம்ம லாரி யார்டுலதாங்கப்பா. போன்ல ரெக்கார்டு பண்ணுனேன்."

அந்தச் சத்தத்தைக் கேட்க அவர் இன்னொரு முறை பிரேக்கை அழுத்தினார். பிறகு மறுபடி ஓட்டினார். மற்ற வாடிக்கையாளர்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். "எம்பொண்ணு செஞ்சதுங்க" என்று யாரும் கேட்காமலேயே இரண்டு முறை சொன்னார். எழுபதாவது வளைவைத் தாண்டி மலையுச்சியில் லாரியை நிறுத்தி, காற்று வரும் துளையில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"எழுபது வளைவு ஏறியும் சூடு கம்மிதான். நீ என்ன சொல்ற?"

இந்தத் தடவை தமிழினி முகத்தைச் சரியாகச் சுளித்தாள். "சுமாருதாங்கப்பா."

"உனக்கு ஒண்ணும் தெரியல. இதுதான் வண்டி." மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு பேரம் பேசி, ஒரு பையையும் மவுஸையும் இலவசமாக வாங்கினார். "நீ பில்லை வாங்கி வை. நான் காரை எடுத்துட்டு வாரேன்."

அவர் படியிறங்கிப் போனதும் தமிழினி ஒரு பெருமூச்சு விட்டாள். நாமக்கல் வட்டாரத்தில் யாராலும் ஏமாற்ற முடியாத ஆளை, ஏமாந்தது தெரியாமலேயே ஏமாற்றியாகிவிட்டது. இருபத்தாறு வருடத் தொழில் தன் ரத்தத்திலும் ஓடுகிறது என்று நினைத்தபோது நெஞ்சு நிமிர்ந்தது. லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பில் போடும் நர்மதாவின் முன்னால் போய் நின்றாள்.

"எங்கப்பா காசு குடுக்க மறந்துட்டுப் போயிட்டாருங்கக்கா. அட்வான்ஸ் போக எவ்வளவுங்க வருது?"

"ஒண்ணும் வராதுங்க. கணக்கு முடிஞ்சுது."

"இன்னும் பணமே கட்டலீங்களே?"

நர்மதா பில்லை மடித்து அவள் கையில் கொடுத்தாள்.

"போன வாரம் அட்வான்ஸ் கட்டுனப்ப பழக்கதோசத்துல உங்கப்பா போன் நெம்பரைக் குடுத்துட்டீங்க, மெசேஜ் அவருக்குப் போயிருச்சு. அடுத்த நாளே வந்து மிச்சம் பூராத்தையும் கட்டிட்டு, 'எம்பொண்ணு என்னை எப்படி ஏமாத்தறான்னு பக்கத்துல நின்னு பாக்கோணும், யாரும் காட்டிக் குடுத்துராதீங்க'ன்னு எங்க எல்லார்த்துக்கும் டீ வாங்கிக் குடுத்துட்டுப் போனாருங்க."