கண்ணாடிக் கடைக்காரர் பங்காளி ஆனார்

மனிதகுல வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: கம்பெனி வருவதற்கு முன், வந்த பின். முன்னது இருண்ட காலம். ஒரு கடை திறந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அப்போது மக்கள் அநாகரிகமாகக் கடையையே எட்டிப் பார்த்தார்கள். இப்போது கைப்பேசியைப் பார்க்கிறார்கள். கைப்பேசி கம்பெனியுடையது. அதில் தெரியும் வரைபடம் கம்பெனியுடையது. ஏறிப்போகும் வாடகைக் காரும் கம்பெனியுடையதே. நடக்கும் கால்கள் மட்டும் இன்னும் நம்முடையவை. அவற்றையும் 'பரிசீலித்து வருகிறார்கள்'.

இந்தப் பொற்காலத்தில்தான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு விடிவு பிறந்தது. ஒருநாள் அவர் வழக்கம்போல ஷட்டரை ஏற்றி, பிரேம்களைத் துடைத்து அடுக்கிவிட்டு உட்கார்ந்தார். மதியம்வரை ஈ காக்கை இல்லை. பிறகு, பல வருட வாடிக்கையாளரான கணக்கு வாத்தியார் வாசலில் வந்து நின்றார். கைப்பேசியைப் பார்த்தார், கடைக்காரரைப் பார்த்தார், மறுபடி கைப்பேசியைப் பார்த்தார்.

"கடைய மூடிட்டீங்களே, என்னாச்சு?" என்று துக்கம் விசாரித்தார்.

"திறந்துதானே சார் இருக்கு. நான்தான் உள்ள உக்காந்திருக்கேனே."

"நீங்க சொல்றீங்க. 'நிரந்தரமாக மூடப்பட்டது'ன்னு இதுல போட்டிருக்கே."

வாத்தியார் கனத்த மனதோடு கிளம்பிவிட்டார். படித்தவர். ஆதாரமில்லாமல் எதையும் நம்பமாட்டார்.

கடைக்காரர் நகராட்சிக்கு ஓடினார். நகராட்சி தன் சொந்த வரைபடத்தைத் தலைமுழுகிவிட்டுக் கம்பெனி வரைபடத்துக்கு மாறி வெகுகாலம் ஆகியிருந்தது. அதிகாரி பொறுமையாகக் கேட்டார், திரையைப் பார்த்தார், மூடிய கடைக்கு உரிமம் எதற்கு என்று அதையும் அங்கேயே ரத்து செய்தார். ஓர் அரசு அலுவலகம் இத்தனை வேகமாக வேலை செய்து கடைக்காரர் பார்த்ததே இல்லை.

அடுத்து கம்பெனி அலுவலகம். உட்கார்ந்தால் எழ முடியாத மெத்தை மூட்டை ஒன்றில் அவரைப் புதைத்தார்கள். எதிரே 'மகிழ்ச்சி மேலாளர்' என்ற பதவியில் ஒரு பெண். தவறு யாருடையதும் இல்லை என்றும், கம்பெனியில் சேராத கடைகள் வரைபடத்தின் கண்ணில் சரியாகப் படுவதில்லை என்றும், சேர்ந்தால் கடை உடனே 'திறந்துவிடும்' என்றும் அவர் இனிமையாக விளக்கினார்.

"இனிமே நீங்க எங்களுக்கு வெறும் கடைக்காரர் இல்ல சார். பங்காளி."

கடைக்காரருக்குப் பகீரென்றது. அவருக்கு ஏற்கெனவே இரண்டு பங்காளிகள் உண்டு. அப்பா கட்டிய வீட்டில் இப்போது அவர்கள்தான் இருக்கிறார்கள்.

ஒப்பந்தத்தைப் படித்தீர்களா என்று வீட்டில் மனைவி கேட்டாள். கண்ணாடிக் கடைக்காரராலேயே படிக்க முடியாத பொடி எழுத்து. மகளின் கல்லூரிப் படிப்பை நினைத்துக்கொண்டு 'சம்மதம்' பொத்தானை அழுத்தினார். மறுக்கவும் வசதி செய்திருந்தார்கள்: 'பிறகு சம்மதிக்கிறேன்' என்று இன்னொரு பொத்தான் இருந்தது.

மறுநாளே கூட்டம் நெருக்கித் தள்ளியது. பெயர்ப்பலகை கம்பெனி பெயருக்கு மாறியது. பிரேம்கள், விலை, கடைக்காரர் போட வேண்டிய சட்டை, அவர் சிரிக்க வேண்டிய அளவு எல்லாம் கம்பெனியே தந்தது. கதவும் கம்பெனி நினைத்தபோது திறந்தது, நினைத்தபோது மூடியது.

வருடக் கடைசியில் 'சுதந்திர வணிகர் விழா'. சிறந்த பங்காளி விருது அவருக்கு. முன்வரிசையில் மனைவி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். கம்பெனியைப் பாராட்டி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் மைக்கைப் பிடித்தார்.

"முன்னாடியெல்லாம் கடை திருட்டுப் போயிடுமோன்னு தூக்கமே வராதுங்க. கம்பெனி புண்ணியத்துல இப்ப நிம்மதியாத் தூங்குறேன். திருட்டுப் போறதுக்கு இனி என்னோடதுன்னு அங்க ஒண்ணுமே இல்ல."