விபோர்க்கின் வரலாற்றுச் சொட்டு

நிகழ்ச்சி நிரலில் அறிவித்த எதையும் காட்டாமல் சுற்றுலாக் குழுவைத் திருப்பி அழைத்து வரக் கூடாது என்பது எங்கள் அலுவலக விதிகளில் முதலாவது. பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து காலை ரயிலில் பன்னிரண்டு பேரை விபோர்க்குக்கு அழைத்துச் சென்று, ஐரோப்பாவைக் காட்டி, மாலை ரயிலில் அதே பன்னிரண்டு பேரைத் திருப்பிக் கொண்டுவருவது என் வேலை. பின்லாந்து எல்லை பூட்டிக் கிடப்பதால் எங்கள் மக்களுக்கு இப்போது விபோர்க்தான் ஐரோப்பா. சுவீடன்காரர்கள் கட்டிய கோட்டை, பின்லாந்துக்காரர்கள் விட்டுப்போன வீடுகள், நம்மவர்கள் பழுதுபார்க்காத கூரைகள் எல்லாவற்றையும் விசா இல்லாமல் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

என்மேல் ஏற்கெனவே இரண்டு புகார்கள். கோட்டைக் கோபுரத்தில் படிகள் அதிகம் என்பது முதல் புகார். அத்தனை படி ஏறியும் உச்சியிலிருந்து பின்லாந்து தெரியவில்லை என்பது இரண்டாவது. மூன்றாவது புகார் வந்தால் வழிகாட்டி அட்டையைப் பிடுங்கிக்கொள்வார்கள். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. வேறு தொழில் தெரியாது.

நிரலில் பதினொன்று நாற்பதுக்கு எதிரே இருப்பது வரலாற்றுச் சொட்டு. அது ரிம்மா ஒசிபோவ்னாவின் படுக்கையறையில் இருக்கிறது.

ரிம்மா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் தண்டவாளத்தோரம் நடந்து, நின்ற பெட்டிகளின் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டி, ஓசையிலேயே விரிசலைக் கண்டுபிடித்தவர். பழைய வணிகர் ஒருவரின் வீட்டில், பரணுக்கு நேர் கீழே ஒரு அறையும் சிறு சமையலறையும் அவருக்கு. வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடம். அதில் ஆணி அடிப்பதற்கும் அனுமதி வேண்டும். ஏறக்குறைய ஐந்து வருஷத்துக்கு முன் கூரை ஒழுக ஆரம்பித்தது. சரியாகக் கட்டிலின் நடுவில். அவர் கட்டிலில் பேசினை வைத்துவிட்டு, கூரையைச் செப்பனிட அனுமதி கேட்டு மனுப் போட்டார். தொன்மைத் தோற்ற ஆணையத்திலிருந்து ஆய்வாளர் விகெந்தி மார்கோவிச் வந்தார்.

விகெந்தி மார்கோவிச் நேர்மையானவர். கண்ணில் பட்ட எதையும் எழுதாமல் விட்டதில்லை. ஆய்வு நாளன்று இருக்கும் நிலையே பாதுகாக்கப்பட வேண்டிய நிலை என்று விதி சொல்கிறது. அவர் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொட்டு விழும் இடைவெளியை அளந்தார்.

"நாலு நொடிக்கு ஒண்ணு" என்றார்.

"நாலே கால்" என்றார் ரிம்மா, கடிகாரம் இல்லாமல்.

அவர் மறுபடியும் அளந்தார். நாலே கால்தான். அப்படியே எழுதிக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் பட்டியல் வந்தது. பதினான்காவது இனம்: மேற்கூரைச் சொட்டு, ஒன்று, இடைவெளி நாலே கால் நொடி. பதினைந்தாவது: பேசின், எனாமல் பூசியது, விளிம்பு உதிர்ந்தது. பதினாறாவது: இரும்புக் கட்டில், மேற்படி பேசினுக்குக் கீழே. இவற்றை அகற்றுவதோ, இடம் மாற்றுவதோ, தன்மையைக் குலைப்பதோ தண்டனைக்குரிய குற்றம்.

ரிம்மா பட்டியலோடு ஆணைய அலுவலகத்துக்குப் போனார்.

"ஒழுகுதுன்னுதானே ஐயா நான் மனு குடுத்தேன்?"

"அதனாலதாம்மா அதை விட்டுடாம பதிஞ்சேன். மனுவுல சொன்ன விஷயத்தையே பதியலேன்னா என்னை என்னன்னு கேப்பாங்க."

"நான் எங்கே படுக்கிறது?"

"கட்டில்லதான். கட்டிலைப் படுக்கப் பயன்படுத்தக் கூடாதுன்னு எங்கேயும் எழுதலையே."

அன்றிலிருந்து ரிம்மா பேசினைச் சுற்றி வளைந்து படுத்தார். தலை ஒரு மூலையில், கால் இன்னொரு மூலையில், வயிற்றுக்கு நேரே பேசின். நான்கு வருஷம் கால் நீட்டவில்லை. ஆறடிக்கு இரண்டு அங்குலம் குறைவான பெண்மணி அவர்.

பட்டியல் இணையத்தில் வெளியானது. எங்கள் அலுவலகம் அதைப் பார்த்துச் சொட்டை நிரலில் சேர்த்தது. முதல் மாதமே தெரிந்துவிட்டது, கோட்டையைவிடச் சொட்டுக்குத்தான் மதிப்பு அதிகம். கோட்டையைப் பார்த்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். சொட்டைப் பார்த்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். "எவ்வளவு ஐரோப்பாவா இருக்கு பாருங்க" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பீட்டர்ஸ்பர்க்கில் அவரவர் குளியலறையில் ஒழுகினால் குழாய்க்காரரைத் திட்டுகிறவர்கள்தான்.

மழையில்லாத முதல் ஜூலையில் சொட்டு நின்றது. பாதுகாக்கப்பட்ட இனத்தைக் காணவில்லை என்று ரிம்மாவுக்கு நோட்டீஸ் வந்தது. அவர் கடைக்குப் போய் ஒரு பூவாளி வாங்கினார். அதற்குப் பிறகு வெயில் நாட்களில் பதினொன்று முப்பத்தைந்துக்குப் பரணில் ஏறி, விரிசலுக்கு மேலே நாலே கால் நொடிக்கு ஒரு சொட்டு விழும்படி நீர் ஊற்றுவார். அந்தக் காது அவருக்குத்தான் உண்டு. பிறகு இறங்கி வந்து, தன் படுக்கை நனைவதைப் பன்னிரண்டு பேரோடு நின்று பார்ப்பார்.

போன ஆகஸ்டில் ஒருநாள் குழு படியிறங்கும்போது ரிம்மா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"கிளிம், வர்ற வியாழக்கிழமை உன் கூட்டத்தைக் கூட்டிட்டு வராதே."

"ஏன்?"

"நாலு வருஷத்துக்கு ஒருதரம் மறுஆய்வு. அன்னிக்கு எது இருக்கோ அதுதான் பட்டியல். மூணு வாரமா மழை இல்லை. கட்டிலைச் சுவரோரம் தள்ளிடுவேன். பேசினைக் கீழ்வீட்டு அடுப்படியில ஒளிச்சிடுவேன். அந்த ஆள் வந்து, காஞ்ச கூரையைப் பார்த்து, காஞ்ச கூரைன்னு எழுதிட்டுப் போகட்டும். அப்புறம் காஞ்ச கூரையைக் காப்பாத்த வேண்டியது அவங்க பாடு."

"பிரமாதம், ரிம்மா ஒசிபோவ்னா!"

"பிரமாதம் இருக்கட்டும். வருவியா, வரமாட்டியா?"

"சத்தியமா வரமாட்டேன்."

வியாழக்கிழமை குழுவில் ஆல்பினா என்ற பல் மருத்துவர் இருந்தார். சிவப்புத் தொப்பி. கையில் அச்சடித்த நிரல். முடிந்த ஒவ்வொன்றையும் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தார். கோட்டை, அடித்தாயிற்று. மணிக்கூண்டு, அடித்தாயிற்று. கிரெண்டெல் ரொட்டிக் கடையில் நான் அவர்களை உட்காரவைத்து, இந்த முறுக்கு ரொட்டியின் மூன்று வளைவுகளுக்கும் மூன்று கதைகள் உண்டு என்று ஆரம்பித்தேன். ஒரு கதையும் எனக்குத் தெரியாது.

"பதினொன்னு முப்பத்தெட்டு" என்றார் ஆல்பினா.

"சொட்டு இன்னிக்கு ஓய்வுல இருக்கு, டாக்டர்."

"சொட்டுக்கு என்ன ஓய்வு? புகார்ப் புத்தகம் எங்கே இருக்கு?"

எழுந்தேன்.

நாங்கள் படியேறியபோது விகெந்தி மார்கோவிச்சும் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு வந்திருக்க வேண்டியவர். கதவைத் திறந்த ரிம்மா முதலில் அவரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அவருக்குப் பின்னால் என்னைப் பார்த்தார். "டீ போட்டுட்டு வரேன்" என்று ஆய்வாளரிடம் சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனார்.

அறை எவ்வளவு அழகாக இருந்தது! கட்டில் சுவரோரம். அதன்மேல் வெள்ளை விரிப்பு, ஒரு சுருக்கம் இல்லாமல். கூரை சருகு மாதிரிக் காய்ந்திருந்தது. விகெந்தி மார்கோவிச் மேலே பார்த்தார், பேனாவைத் திறந்தார்.

"சொட்டு எங்கே?" என்றார் ஆல்பினா.

விகெந்தி மார்கோவிச் எழுதப்போன கையை நிறுத்தினார்.

"நான் இதுக்காகத்தான் வந்தேன். எழுதறேன். வழிகாட்டி பேரு என்ன? கிளிம் ரோமனோவிச்தானே?"

அடுத்து நான் செய்ததை நியாயப்படுத்தப் போவதில்லை. தாழ்வாரத்தில் பூவாளி இருந்தது. பரண் ஏணி எங்கே என்று எனக்குத் தெரியும். ரிம்மாவின் காது எனக்கு இல்லாததால் கொஞ்சம் அதிகமாகவே ஊற்றிவிட்டேன். கீழே கைதட்டல் கேட்டது. இறங்கி வந்தபோது ஆல்பினா அவர்களே கட்டிலைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டிருந்தார். நிரலில் அச்சடித்த புகைப்படத்தில் அப்படித்தான் இருக்கிறதாம். கீழ்வீட்டிலிருந்து பேசினையும் யாரோ கண்டுபிடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். குழுவுக்கு அடையாளமாக நான் எப்போதும் வைத்திருக்கும் குடையை விரித்துப் பிடித்து, வழக்கமான உரையை ஆரம்பித்தேன். விகெந்தி மார்கோவிச் மூலையில் நின்று நிதானமாக எழுதிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் திருப்தி இருந்தது.

எழுதி முடித்து வாசித்தார்.

"சொட்டு, ஒன்று, இடைவெளி இரண்டரை நொடி. பேசின், ஒன்று. கட்டில், ஒன்று. பார்வையாளர்கள், பன்னிரண்டு, அதில் பெண், சிவப்புத் தொப்பியுடன், ஒன்று. வழிகாட்டி, ஒன்று, விரித்த குடையுடன்."

"ஐயா, நாங்க சாயந்திர ரயிலுக்குப் போகணும்" என்றேன்.

"ஆய்வு நாளன்று இருந்த நிலை" என்றார் அவர். "நான் என்ன செய்ய முடியும்? இருந்தீங்க."

"தப்பா இருந்துட்டோம்!"

"ரொம்பப் பொருத்தமா இருந்தீங்க. இவ்வளவு இணக்கமான உட்புறத்தை நான் பார்த்ததில்லை. அகற்றணும்னா மனு போடுங்க. ஆணையம் நாலு வருஷத்துக்கு ஒருதரம் கூடும்."

சிலர் முணுமுணுத்தார்கள். ஒருவர், வீட்டில் பூனை தனியாக இருக்கிறது என்றார். ஆல்பினாதான் அவர்களை அடக்கினார்.

"சட்டம்னா சட்டம். இதுதான் ஐரோப்பா. சும்மா பார்த்துட்டுப் போறதுக்கு மட்டும் வந்தீங்களா?" பிறகு ஆய்வாளரிடம், "தொப்பியைக் கழட்டலாமா?" என்றார்.

"வேண்டாம்."

அப்போது ரிம்மா தட்டில் டீயோடு வந்தார். நனைந்த விரிப்பைப் பார்த்தார். பட்டியலைக் கையில் வாங்கி, கடைசிவரை படித்தார். திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் காலி.

"நான் எத்தனாவது?"

விகெந்தி மார்கோவிச் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தேடினார். "நீங்க இல்லையேம்மா. ஆய்வு நேரத்துல நீங்க அறையில இல்லை."

"நல்லாப் பாருங்க. அப்புறம் விட்டுப்போச்சுன்னு சொல்லக் கூடாது."

"இல்லை. உறுதியா இல்லை. சொல்லப்போனா நீங்க இங்கே நிக்கிறது இப்ப அந்தத் தன்மையைக் குலைக்குது."

ரிம்மா தட்டை ஆய்வாளரின் கையில் கொடுத்தார். மேலங்கியை மாட்டிக்கொண்டார். கம்பளிக் காலுறைகளையும் பழைய சுத்தியலையும் பையில் போட்டார். இரண்டும் பட்டியலில் இல்லை. பிறகு என் முன்னால் வந்து நின்றார். குடையின் விளிம்பைத் தொடும் உயரம்.

"நீ தனியாவா இருக்கே?"

"ஆமா."

"எத்தனாவது மாடி?"

"நாலாவது. ஒன்பது மாடிக் கட்டடம்."

"மேல அஞ்சு மாடி. ஒழுகாது. கட்டில்?"

"ரெண்டு பேர் படுக்கலாம்."

"சாவியைக் கொடு. திரும்பற டிக்கெட்டையும்."

"ரிம்மா ஒசிபோவ்னா, மன்னிச்சிடுங்க. மூணாவது புகார்..."

"எனக்கு விளக்காதே, கிளிம். கையை ஆட்டாமப் பேசு. குடை சாயுது."

கதவருகே ஒரு நிமிஷம் நின்று காது கொடுத்துக் கேட்டார். "ரெண்டரை. என்ன கண்ணராவி வேலை" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. வெயில் நாட்களில் நாங்கள் முறை வைத்துப் பரணில் ஏறுகிறோம். கட்டிலில் பேசினைச் சுற்றி ஒருவர்தான் படுக்க முடியும். அதற்கும் முறை உண்டு. சாப்பாட்டைக் கீழ்வீட்டார் கொடுத்து அனுப்புகிறார்கள். தினமும் பதினொன்று நாற்பதுக்குப் புதிய வழிகாட்டி ஒரு பெண் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். நன்றாகப் பேசுகிறாள். "இவர்கள் இந்த இடத்தோடு பிறந்தவர்கள்" என்று எங்களைக் காட்டிச் சொல்கிறாள். அவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். ஆல்பினாவின் தொப்பியைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள்.

ரிம்மா ஒருமுறை தபால் அட்டை அனுப்பினார். கூரை காய்ந்திருக்கிறதாம். முதல் வாரம் அங்கேயும் வளைந்தேதான் படுத்தாராம். இப்போது காலை நீட்டிவிட்டாராம்; கட்டில் கொஞ்சம் நீளம் போதவில்லையாம். என் வழிகாட்டி அட்டையைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் விசாரித்திருக்கிறார். புகார் எதுவும் வரவில்லை, ஆனால் ஏழு மாதமாகக் குழுவோடு திரும்பி வராததால் பறிமுதல் செய்துவிட்டார்களாம்.

அடுத்த மறுஆய்வு மூன்று வருஷம் ஐந்து மாதத்தில். நாங்கள் பதின்மூன்று பேரும் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். அன்று ஆய்வாளர் படியேறும் சத்தம் கேட்டதும் எல்லோருமே சமையலறைக்குப் போய் டீ போடுவோம். ஆனால் அறை காலியாக இருந்தால் அவருக்குச் சந்தேகம் வரும். ஆகவே வாசகர்களுக்கு ஒரு செய்தி. அந்த ஆய்வு நாளுக்கு மட்டும் பதின்மூன்று இடங்கள் உண்டு. மற்ற நாட்களைப் போலக் கயிறு கட்டித் தள்ளி நிற்கவைக்க மாட்டோம். கட்டிலருகிலேயே நின்று பார்க்கலாம். முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். குடை கொண்டுவர வேண்டாம். இங்கே ஒன்று இருக்கிறது.