காப்பிக் களத்தில் இறங்கிய டிரோன்

மஞ்சக்குட்டை.

டிரோன் பயிற்சி ஆசிரியை திருமதி அமலி அவர்களுக்கு,

ஆறு ஆண்டுகள் வாய் மூடி இருந்தது போதும் என்று இதை எழுதுகிறேன். தாங்களும் குடும்பத்தாரும் ஆண்டவர் அருளால் நலமாகத்தான் இருப்பீர்கள். என் நலத்தைக் கேட்க இங்கே ஆளில்லை.

என் வேலியை ஒட்டிய மாதா கோயில் மைதானத்தில் சனிக்கிழமைதோறும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டிரோனை வைத்து நிரல் எழுதவும் இணையத் திருடர்களைத் தடுக்கவும் கற்றுத்தருகிறீர்கள். நல்லது. அந்த டிரோன்களில் ஒன்று, யாரோ நிரலைப் பிசகாக எழுதியதால், என் காப்பிக் களத்தில் விழுந்து, காய்ந்துகொண்டிருந்த கொட்டையை வேலி வரை விசிறியடித்தது. திருப்பிக் கொடுக்கும் முன் புரட்டிப் பார்த்தேன். கம்பெனி போட்ட கடவுச்சொல் அடியில் ஒட்டிய சீட்டில் அப்படியே இருந்தது. எம்.எஸ்சி. படித்தவன் சும்மா இருப்பேனா? அடுத்த சனிக்கிழமை அது கூரைக்கு மேல் வந்ததும் கைபேசியில் அதே சொல்லைத் தட்டிக் களத்தில் இறக்கிவிட்டேன். இப்போதாவது நீ நேரில் வந்து சண்டை போடுவாய் என்று சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றால், வந்தது காயத்ரி என்ற மாணவி.

"ஏனுங்க சார், ஹேக் பண்ணுனது நீங்கதானுங்களா?"

"ஆமா. உங்க மிஸ்ஸுக்குக் கால் இல்லியா கண்ணு?"

"மிஸ் உங்களுக்கு நொம்ப நன்றி சொல்லச் சொன்னாங்க. பாஸ்வேர்டை மாத்தாம உட்டது எங்க தப்புங்களாம். இன்னைக்கு உங்கள வச்சுத்தான் பாடமே நடந்துச்சுங்க!"

ஆறு வருஷம் கழித்து உன்னிடமிருந்து வந்த முதல் வார்த்தை, அதுவும் ஆள் மூலம். உன் மகள் சாராவின் ஞானஸ்நானத்துக்குக் கூடப்பிறந்த அண்ணன் என்னை விட்டுவிட்டு உன் வீட்டுக்காரரின் சிநேகிதரை ஞானத்தந்தையாக நிறுத்தினாயே, அந்தப் பத்திரிகையையும் இப்படித்தான் ஆள் மூலம் அனுப்பினாய்.

போன சனிக்கிழமை கடவுச்சொல் மாறியிருந்தது. அம்மா பெயரைப் போட்டேன், திறக்கவில்லை. நம் வீட்டுப் பெயர், ஊஹூம். பிறகு, எதற்கென்றே தெரியாமல், 'வளைவு14' என்று தட்டினேன். திறந்துகொண்டது. சேலத்துக் கல்லூரிக்கு ஒன்றாக பஸ்ஸில் போன காலத்தில், தினமும் பதினான்காவது கொண்டை ஊசி வளைவில் என் சாப்பாட்டுப் பையில் நீ வாந்தி எடுத்தது நம் இருவருக்கு மட்டும்தானே தெரியும்? குடும்பத்து விஷயத்தைக் கடவுச்சொல்லாக வைக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நீயே இப்படி வைக்கலாமா? அன்றைக்கு நான் டிரோனை இறக்கவில்லை. அது மைதானத்துக்குத் திரும்பும்வரை கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி ஒரு டிரோன் என் கூரையைத் தாண்டினாலும் புகார் கொடுப்பேன். வீட்டுக்காரருக்கு என் விசாரிப்பு. சாராவுக்கு ஆசீர்வாதம்.

பி.கு.: புகாரெல்லாம் கொடுக்க மாட்டேன். கடவுச்சொல்லை மாற்றிவிடாதே. வரும் சனிக்கிழமை டிரோனை இறக்கி வைத்திருப்பேன். காயத்ரியை அனுப்பாதே, நீயே வா, சாராவையும் கூட்டி வா. அண்ணன்தான் முதலில் இறங்கி வந்தான் என்று பேச்சு வரக் கூடாது. ஆகவே இதைக் கையெழுத்துப் போடாமல்தான் தபாலில் சேர்க்கப்போகிறேன்.